கொசுவம் வைத்த சுவர்

எனக்கு மெதுவாகப் பேச வராது. எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூர் போகிற காலை ரயில் ஏறி, பக்கத்தில் இருப்பவளிடம் "இன்னா டிபன் இன்னைக்கி?" என்று கேட்டால், நாலு வரிசை தள்ளி இருப்பவர்களும் அவரவர் டிபனைச் சொல்வார்கள். பங்காருப்பேட்டையில் புதிதாக ஏறுகிறவர்கள் நான் யாரோடோ சண்டை போடுகிறேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் அவர்கள் மேல் கோபம் வந்தது. இப்போது ஒன்றும் வருவதில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் என் வீட்டுக்காரர். இருபத்தோரு வயதில் மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஜாக் ஹேமர் பிடிக்கப் போனவர். பாறையில் துளை போடும் அந்த இயந்திரத்தைச் சுரங்கம் மூடும் வரைக்கும் தோளோடு அணைத்துக்கொண்டு நின்றார். காதில் துணியைத் திணித்துக்கொண்டுதான் கீழே இறங்குவாராம். அரிக்கிறது என்று பாதி ஷிஃப்டில் பிடுங்கிப் போட்டுவிடுவாராம். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. தலை விளக்கை ஆட்டிக் கூப்பிடுவார்கள், வாயசைவைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொள்வார்கள். அவர் மேலே வந்த பிறகு நானும் மகளும் கத்தப் பழகினோம். எங்கள் வீட்டில் ரகசியம் பேச வேண்டுமானால் எழுதித்தான் காட்ட வேண்டும்.

இப்போது வீட்டில் சமைப்பது அவர், வேலைக்குப் போவது நான். அவருடைய ரசத்தைப் பற்றி நான் இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை.

முதலில் பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்து ஒரு சின்னப் பட்டறைக்கு மாறினேன். அங்கே சத்தத்தை அடக்கும் பலகைகள் செய்கிறார்கள். பழைய பிளாஸ்டிக் பாட்டிலை நூலாக்கி அழுத்திச் செய்த, கம்பளி போலிருக்கும் கெட்டியான அட்டை. அதில் வரிவரியாகக் கோடு போட்டு, ஒரு கோட்டை மேடாகவும் அடுத்த கோட்டைப் பள்ளமாகவும் மடிக்க வேண்டும். ஜப்பான்காரர்கள் காகிதத்தை மடித்துக் கொக்கு செய்வார்களே, அதே வித்தைதான். மடித்து முடித்ததும் பெரிய அட்டை கைக்குள் அடங்கும். இரண்டு முனையைப் பிடித்து இழுத்தால் விரிந்து சுவரை மூடும். ஆபீஸ் அறைகள், பாட்டுப் பதிவு செய்கிற இடங்கள், போன் பேசுவதற்கென்று கட்டிய கூண்டுகள், எல்லாவற்றுக்கும் இது போகிறது. வேலைக்குச் சேர வந்த அன்றைக்கு ஒரு அட்டையைக் கொடுத்து மடிக்கச் சொன்னார்கள். புடவைக்குக் கொசுவம் வைப்பது போல வைத்துக் கொடுத்தேன். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.

எந்த மடிப்பு எந்தச் சத்தத்தைப் பிடிக்கும் என்பதை எல்லாம் டிசைன் போடுகிற பெண் எங்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். கன்னடமும் தமிழும் கலந்து, பொறுமையாகத்தான் சொன்னாள். அன்றைக்கு நான் ரயிலைப் பிடிக்க வேண்டுமே என்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் பாதிதான் ஏறியது. எனக்குக் கை வேலை தெரியும், இந்த விவரம் எதற்கு என்ற திமிரும் இருந்தது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை எங்கள் ஊரிலேயே ஸ்கெலட்டன் என்கிற பக்கம். கல்யாணத்தை எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனுக்குப் பின்னால் இருக்கிற விகாரை மண்டபத்தில் வைத்துக்கொள்வது என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்தோம். நானும் என் வீட்டுக்காரரும் அங்கேதான் கல்யாணம் பண்ணிக்கொண்டோம். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் பஞ்சசீலம் சொல்லி, பிறகு புத்தர் முன்னால் தங்கள் வாயாலேயே ஒருவருக்கொருவர் ஐந்து வாக்குக் கொடுக்க வேண்டும். சத்தம் போட்டு நடக்கும் சடங்கு அதில் வேறொன்றும் இல்லை. அந்தப் பத்து வாக்கியம்தான் கல்யாணம்.

என் வீட்டுக்காரரோ, "நான் வெளிய நிக்கறேன்" என்றார்.

அவருக்குக் காது மிஷின் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் போட்டுக்கொள்வார். அந்த மண்டபத்தில் மட்டும் முடியாது. நாலு பக்கமும் சிமெண்டுச் சுவர், மேலே தகர ஷீட், கீழே வழவழவென்று தரை. ஒருவர் தும்மினால் பத்துப் பேர் தும்மியது போல இருக்கும். போன தை மாதம் சொந்தக்காரர் கல்யாணத்தில் மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், கொஞ்ச நேரத்தில் அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே குழாயடியில் போய் நின்றுவிட்டார். மறுபடியும் அண்டர்கிரவுண்டுக்குப் போன மாதிரி இருந்தது என்றார்.

"பொண்ணு கல்யாணத்துல அப்பன் குழாயடியில நிக்கறதா?" என்று கேட்டேன்.

"உள்ள ஒக்காந்து பொம்ம மாதிரி தலையாட்டச் சொல்றியா? அவ சொல்ற வார்த்தய காதால கேக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லியா? கேக்காதுன்னு தெரிஞ்சிட்டு அங்க ஒக்காரறது ரொம்ப கஷ்டமா கீது."

இந்த மனிதர் தன் ஆசை என்று ஒன்றை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே அபூர்வம். நான் ஊரான் ஆபீஸுக்கெல்லாம் சத்தத்தை அடக்கிக் கொடுக்கிறேன், இந்த மண்டபத்துக்குச் செய்ய மாட்டேனா என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மண்டபம் எவ்வளவு பெரியது என்று யோசித்தேன்.

பட்டறையில் கோடு தப்பிய அட்டைகள் மூலையில் குவிந்து கிடக்கும். முதலாளியிடம் கேட்டதும் எடுத்துக்கொள் என்றார். தினமும் ஒரு கட்டு, சாயங்கால ரயிலில். முதல் நாள் கூட்டத்தில் எல்லாரும் முறைத்தார்கள். இரண்டாம் நாள் "இன்னாக்கா, ஊட்டுக்கு கூரை மாத்தறியா?" என்று கேட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஒரு கும்பல் அதை நடுவில் போட்டு அதன் மேல் சீட்டாட ஆரம்பித்தது. விஷயம் தெரிந்த பிறகு, நான் ஸ்டேஷனில் இறங்கும்போது அவர்களே கட்டை இறக்கிக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்துத் தரையில் உட்கார்ந்து மடித்தேன். அவர் ஏணி பிடித்தார், ஆணி அடித்தார். மண்டபத்துச் செயலாளர், ரிட்டையர் ஆன வாத்தியார், தவறாமல் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். "கண்ணாடி மாதிரி இருந்த செவுரும்மா. எரு தட்டி வெச்ச மாதிரி பண்ணிட்டியே" என்றார். கல்யாணம் முடிந்ததும் கழற்றித் தருவதாக எழுதிக் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் விட அழகாக நான் செய்தது புத்தர் சிலைக்குப் பின்னால் இருக்கிற சுவர். கல்யாணப் போட்டோவில் விழப்போகிற சுவர் அதுதான். மேலே நீலக் கோட் போட்ட அண்ணலின் படம், கீழே சிலை, இரண்டு பக்கமும் மேடும் பள்ளமுமாக என் அட்டை. வெளிச்சம் பட்டால் நிழல் வரிவரியாக விழும். நானே நாலு முறை தள்ளி நின்று பார்த்துக்கொண்டேன்.

சோதனை நடத்தினேன். அவரை முதல் வரிசை நாற்காலியில் உட்கார வைத்து, மிஷினைப் போடச் சொல்லி, நான் சிலை பக்கத்தில் அவரைப் பார்த்து நின்றேன். "கொழம்புக்கு உப்பு பத்தல" என்றேன். "பத்தும்" என்றார். "மாப்பிள்ளை ஊட்டுல எத்தினி பேரு வராங்க?" என்றேன். சரியாகச் சொன்னார். கேட்ட பத்துக் கேள்விக்கும் பதில் வந்தது. சாவி வாங்க வந்த செயலாளரே, எதிரொலி குறைந்திருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். பட்டறையில் எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு எட்டு நாளுக்கு முன்னால் மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். வாக்குச் சொல்வதை ஒருமுறை பழகிப் பார்க்கலாம் என்று மண்டபத்துக்குப் போனோம். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். மகள் எங்களுக்கு முதுகைக் காட்டி, புத்தரைப் பார்த்துக் கை கூப்பி நின்று, ஐந்து வாக்கையும் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"எப்ப ஆரம்பிக்கப் போற?" என்று கேட்டார் அவர்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் முகத்திலிருந்தே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. நான் சோதனை வைத்தது வீட்டில் கத்துகிற அதே குரலில், அவர் முகத்துக்கு நேராக நின்று. அவர் என் வாயைப் பார்த்தே பாதியைச் சொல்லியிருக்கிறார். கல்யாணப் பெண் கத்தவும் மாட்டாள், திரும்பியும் பார்க்க மாட்டாள். முப்பது வருஷமாக இதே ஆளோடு குடித்தனம் செய்கிறவளுக்கு இது தோன்றவில்லை என்றால் என்ன சொல்வது.

மகள் தேம்பினாள். அவளைச் சமாதானப்படுத்தத்தான் அவர் அப்படிச் சொன்னார், சத்தியமாகத் தெரியும். "அட, அழாதம்மா. உங்கம்மா சொன்னதையும்தான் அன்னிக்கி நான் கேக்கல. எதிர்ல பிக்கு தலையாட்டனாரு, நானும் ஆட்டனேன். நாங்க வாழலியா?"

என்ன சொல்கிறார் என்று எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. உறைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. இதே மண்டபத்தில், இதே சிலை முன்னால், மூன்று நாள் கண்ணாடி பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்து, நான் சொன்ன ஐந்து வாக்கு. ஒன்றுகூடவா கேட்கவில்லை?

"ஒன்னுகூடவா?" என்று கேட்டேன்.

"அப்பவே ஏழு வருஷமா ஜாக் ஹேமர் புடிச்சிட்டிருந்தேன் இல்ல? வெளிய சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு சொல்லல."

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. எங்கள் லைனில் எல்லாருக்கும் அது தெரிந்துவிட்டது, ஏனென்றால் சத்தமே இல்லை. அவர் டிபன் கட்டி வைப்பார், நான் எடுத்துக்கொண்டு போவேன். ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஏமாந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே போவேன். அப்புறம் தோன்றும்: வாக்கு என்ன என்றே தெரியாமல் முப்பது வருஷம் ஒருவர் அதில் எதையும் மீறாமல் இருந்திருக்கிறாரே. அப்படித் தோன்றினாலும் கோபம் குறையவில்லை. எனக்கு வேண்டியது அவர் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான்.

மூன்றாம் நாள் டிசைன் போடுகிற பெண்ணிடம் போய், போனில் எடுத்த மண்டபத்துப் படங்களைக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டுக்காரருக்கு எந்தச் சத்தம் கேட்காது என்று கேட்டாள். யோசித்துச் சொன்னேன். குக்கர் விசில் கேட்காது, லாரி போவது கேட்கும். என் பெரியம்மா மகன் பேசினால் கேட்கும், மகள் பேசினால் கேட்காது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு மணி பார்த்துக்கொண்டு நான் கோட்டைவிட்ட பாடத்தை மறுபடியும் சொன்னாள். சுவரோடு ஒட்டி, ஆழமில்லாமல் விரித்து மாட்டிய மடிப்பு மெல்லிய, கூரான சத்தத்தைத்தான் தின்னும். ச, த, ப என்று வார்த்தையைப் பிரித்துக் காட்டுவது அந்தச் சத்தம்தான். அவருக்கு ஏற்கெனவே இல்லாததும் அதுதான். இருந்த கொஞ்சத்தையும் நான் அட்டையைப் போட்டுத் தின்ன வைத்திருக்கிறேன். அவருக்கு இடைஞ்சலாக இருந்த தடித்த முழக்கம் அப்படியே மண்டபத்தில் இருக்கிறது. அதற்கு ஆழமான மடிப்பு வேண்டும், சுவருக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளியும் வேண்டும்.

அதோடு விடவில்லை. பெண் எந்தப் பக்கம் பார்த்து நிற்பாள் என்று கேட்டாள். சிலையைப் பார்த்து என்றேன். அப்படியானால் அவள் குரல் போய்ப் படுவது சிலைக்குப் பின்னால் இருக்கிற சுவரில்தானே, அது வெறும் சுவராக இருந்திருந்தால் குரல் பட்டுத் திரும்பி அவள் அப்பாவிடம் வந்திருக்குமே, அதைப் போய் ஏன் மூடினீர்கள் என்று கேட்டாள்.

அழகுக்கு என்று சொல்லிவிட்டு, லீவு கேட்க முதலாளியிடம் போனேன்.

மூன்று நாள் லீவு போட்டேன். போட்டோவுக்காகச் செய்த சுவரை என் கையாலேயே பிரித்தேன். பிரிக்கும்போது அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். புதிய அட்டை எதுவும் வாங்கவில்லை. அந்த மடிப்பின் சௌகரியம் அது: விரித்துப் பிடித்தால் ஆழமில்லை, கொசுவத்தைச் சேர்த்து நெருக்கினால் அதே அட்டை ஆழமாகிவிடும். சிலைக்கு எதிரே இருக்கிற சுவரிலும் பக்கச் சுவர்களிலும் சட்டம் அடித்து, ஒரு சாண் இடைவெளி விட்டு, நெருக்கி நெருக்கி மாட்டினேன். அவர் ஏணி பிடித்தார். நான் "ஆணி" என்பேன், கொடுப்பார். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

இந்த முறை சோதனையில் அவர் பேசுகிறவர் வாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பேச வேண்டிய மகள் ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் திரும்பியிருந்தாள். மெதுவாகப் பேசிப் பார்த்தேன், வெறும் காற்றுதான் வந்தது. கொஞ்சம் ஏற்றினால் கத்தல். நடுவில் ஒன்றுமே இல்லை. கடைசியில் செயலாளர் சிலைப் பக்கம் திரும்பி நின்று, மண்டபத்து விதிமுறைகளைப் படித்தார். "உள்ளே வெற்றிலை போடக் கூடாது" என்றார். என் வீட்டுக்காரர் அதையே திருப்பிச் சொன்னார். "சுவரில் சாயக் கூடாது." அதையும் சொன்னார். "எச்சில் துப்பக் கூடாது" என்றதற்கு, "இன்னாது?" என்றார். மூன்றுக்கு இரண்டு. ஆனால் செயலாளருக்குக் கனத்த குரல். மகளுடைய குரல் நூல் மாதிரி. இதற்கு மேல் என்னால் ஆவதில்லை என்று விட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் அவர் வெள்ளைச் சட்டை போட்டு, காது மிஷினுக்குப் புது பாட்டரி போட்டு, முதல் வரிசையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். குழாயடிப் பக்கம் போகவில்லை. மண்டபம் நிறைந்தது. ரயில் சீட்டாட்டக் கும்பலும் வந்திருந்தது. பஞ்சசீலம் முடிந்தது. மாப்பிள்ளை அவருடைய ஐந்தையும் சொன்னார். மகள் ஆரம்பித்தாள்.

ஆபீஸில் பேசுகிற குரல் அது. மெல்லியது, அவசரமில்லாதது. எனக்கே அதைப் போனில் எப்போதாவது கேட்டுத்தான் பழக்கம். வீட்டில் அவளுக்கு அந்தக் குரல் கிடையாது.

அவர் என் பக்கம் திரும்பி, எப்போதும் பேசுகிற அளவிலேயே, அதாவது மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "யாரு பேசறது?" என்று கேட்டார்.

எல்லாரும் திரும்பினார்கள். மகள் நிறுத்திவிட்டாள். அவ்வளவு பாடும் வீணா என்று நினைத்தேன்.

"உங்க பொண்ணுதான்" என்றேன்.

"இவளா? இவ்ளோ மெதுவாவா பேசுவா?" என்றார். பிறகு சிலை பக்கம் பார்த்து, "சொல்லும்மா. மதிப்பேன்னு சொன்ன இல்ல, அடுத்தத சொல்லு" என்றார்.

மகள் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. மீதி நாலையும் சொன்னாள். ஒவ்வொன்றையும் அவர் உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். இருபத்தேழு வருஷமாக அந்தப் பெண்ணின் கத்தலை மட்டுமே கேட்டிருந்த மனிதர். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை, துடைத்தால் ஒரு வார்த்தை போய்விடும் என்பது போல. நான் நன்றாக அழுதேன்.

சாப்பாடு முடிந்து, மகளும் மாப்பிள்ளையும் கிளம்பி, மூன்று மணிக்கு மண்டபம் காலியானது. எழுதிக் கொடுத்தபடி அட்டையைக் கழற்ற ஏணியை எடுத்தேன். செயலாளர் வந்து, "எரு இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டுச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் முதல் வரிசையில் ஒரே ஒரு நாற்காலியை மட்டும் அடுக்க விடாமல் இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்தார். காது மிஷினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"உன்னோடத சொல்லு" என்றார்.

"எது?"

"அன்னிக்கி சொன்னியே, அந்த அஞ்சு."

இந்த வயதில் இது என்ன கூத்து என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி, சிலைக்கு முன்னால் போய் நின்றேன். வெறும் சுவர் எதிரே இருந்தது. ஐந்தும் எனக்கு ஞாபகம் இருந்தன, ஒரு வார்த்தை விடாமல். கை கூப்பி, மூச்சை இழுத்து, முதல் வாக்கைச் சொன்னேன். வழக்கமான என் குரல்தான் வந்தது, ஏணியில் உட்கார்ந்திருந்த புறா பறந்து போனது.

பின்னாலிருந்து அவர் சொன்னார்:

"கத்தாத. மெதுவா சொல்லு. கேக்குது."